புது மியூசிக் தேட எது பெஸ்ட்: ஆப்பா, ரேடியோவா, க்ரெடிட்ஸா?

பழக்கமே இல்லாத ஜானர்ல பாட்டு தேடறதுக்கு மூணு வழியையும் மாத்தி மாத்தி ஓட்டிப் பார்த்துட்டு இப்போ நான் ஒண்ணுல செட்டில் ஆயிட்டேன். ஒரு ஆல்பம் புடிச்சா அதுல யாரு யாரு வாசிச்சிருக்காங்கன்னு க்ரெடிட்ஸ் பார்த்து அந்த ஆளு பின்னாடியே போறது தான் அது. மத்த ரெண்டும் மோசம்னு சொல்ல வரல, ஆனா என் ஓட்டு இதுக்கு தான்.

ஸ்பாட்டிஃபை மாதிரி ஆப்ஸ் பத்தி எல்லாருக்கும் தெரியும். ஸ்பாட்டிஃபைல 2015ல வந்த டிஸ்கவர் வீக்லிங்கற ப்ளேலிஸ்ட் திங்கட்கிழமை ஆனா 30 பாட்டு கொடுக்குது, நம்ம பாட்டையே கேக்கறவங்க வேற என்ன கேக்கறாங்கன்னு பார்த்து தான் பெரும்பாலும் எடுத்துக் கொடுக்குது, அதனால ராஜாவும் ரஹ்மானுமே ஓடற அக்கவுண்ட்ல ஆப்பிரிக்க இசை தானா வந்து எட்டிப் பார்க்கறது கஷ்டம். கொஞ்சம் தெரிஞ்ச ஜானர்ல இன்னும் உள்ள போகணும்னா சூப்பரா வேலை செய்யும். வீட்டுல அதே அக்கவுண்ட்ல குழந்தைப் பாட்டு ஓடுதுன்னா அந்த ப்ளேலிஸ்ட்டை டேஸ்ட் ப்ரொஃபைல்லேர்ந்து, அதாவது நம்ம ரசனைன்னு ஆப் கணக்கு வெச்சிருக்கறதுலேர்ந்து, எடுத்து விட்டுடுங்க, அதுக்கு ஆப்ஷன் இருக்கு.

ரெண்டாவது, ஆளுங்க உக்காந்து பாட்டு தேர்ந்தெடுத்துப் போடற ரேடியோ. லண்டன்ல 2011ல ஆரம்பிச்ச என்டிஎஸ், அமெரிக்காவுல சியாட்டில்லேர்ந்து வர்ற கேஇஎக்ஸ்பி, ரெண்டையும் நெட்ல ஃப்ரீயா கேக்கலாம். நமக்கு நேரம் ஒத்துவராதுங்கற கவலையும் இல்ல, என்டிஎஸ்ல பழைய ஷோ எல்லாம் இருக்கு, நிறைய ஷோக்கு ட்ராக்லிஸ்ட்டும் போட்டிருப்பாங்க. காது திறக்கணும்னா ஆப்பை விட இது பல மடங்கு மேல். ஒரு ஷோல எத்தியோப்பிய ஜாஸ் போவும், அடுத்ததுல பிரேசில் பாட்டு, சத்தியமா நாமளா தேடிப் போயிருக்க மாட்டோம்.

சரி, அப்புறம் ஏன் க்ரெடிட்ஸ்? எனக்கு முடிவு பண்ண வெச்சது ஒரே கேள்வி தான், ஒரு பாட்டு புடிச்சதுக்கப்புறம் அடுத்தது எங்க போறது? ஆப்ல ஹார்ட் போட்டு வெச்ச பாட்டெல்லாம் குமிஞ்சு கெடக்கும், கொஞ்ச நாள் கழிச்சு அந்தப் பேரைப் பார்த்தா யாருன்னே தெரியாது. ரேடியோல பேரு கிடைக்கும், ஆனா பேரு மட்டும் தனியா நிக்கும். க்ரெடிட்ஸ் வழியா போனா ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல இன்னொரு பேரு இருக்கும், இவர் அவரோட வாசிச்சவர்னு மனசுல உறவுமுறை மாதிரி பதிஞ்சுடும், அப்புறம் மறக்கவே மறக்காது.

நான் போன ரூட்டைச் சொல்றேன். ஜெய்ப்பூர் விஸ்வ மோகன் பட், கிடாரை மாத்தி மோகன வீணைன்னு செஞ்சாரே, அவர் அமெரிக்க கிடாரிஸ்ட் ரை கூடரோட வாசிச்ச ஆல்பம் 'எ மீட்டிங் பை தி ரிவர்', 1993ல வந்தது. அதுல ரை கூடரைப் புடிச்சேன். அவர் 1994ல மாலி நாட்டு கிடாரிஸ்ட் அலி ஃபர்க்கா தூரேவோட 'டாக்கிங் டிம்பக்டு' பண்ணியிருக்காரு. அங்கேர்ந்து அலி ஃபர்க்காவைப் புடிச்சா 2005ல தூமானி ஜாபாத்தேவோட 'இன் தி ஹார்ட் ஆஃப் தி மூன்', மாலி தலைநகர் பமாக்கோவுல நைஜர் ஆத்தங்கரை ஹோட்டல்ல ரெக்கார்ட் பண்ணது. தூமானி வாசிச்சது கோரா, சுரைக்குடுவையில செஞ்ச 21 தந்தி வாத்தியம், ரெண்டு கட்டைவிரலும் ரெண்டு ஆள்காட்டி விரலும் தான் வேலை செய்யும். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க, கீழ பேஸ் நடந்துட்டே இருக்கும், நடுவுல ஒரு சுத்து சுத்தி சுத்தி வரும், மேல மெலடி உதிரும், மூணும் ஒரே ஆளு தான். எந்த ஆப்பும் என்னை இங்க கொண்டுவந்து விட்டிருக்கும்னு எனக்குத் தோணல.

இதுக்கு பெருசா மெனக்கெட வேணாம். ஸ்பாட்டிஃபைல பாட்டு பக்கத்துல மூணு புள்ளியை அழுத்தினா க்ரெடிட்ஸ் வரும், ஆனா பல பாட்டுக்கு வாசிச்சவங்க பேரு விட்டுப் போயிருக்கும், அப்போ ஆல்பம் விவரமெல்லாம் இருக்கற டிஸ்காக்ஸ் வெப்சைட்டுக்குப் போயிடுங்க, அங்க ஒரு பேரை க்ளிக் பண்ணா அவர் வேற எதுலெல்லாம் வாசிச்சிருக்காருன்னு லிஸ்ட்டே வரும். நேரம் எடுக்கும், ஒத்துக்கறேன். பஸ்ல போயிட்டே பின்னாடி ஏதாவது ஓடட்டும்னா இது ஆவாது, ரேடியோ தான் சரி.

எலக்ட்ரானிக் பக்கம் இது எவ்வளவு உதவும்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், நான் அதுல கேட்டது கம்மி. ஒரே ஆளு ரூம்ல உக்காந்து மொத்த ட்ராக்கையும் பண்ணியிருந்தா புடிச்சுப் போறதுக்கு இன்னொரு பேரு இருக்காது. அங்க எந்த லேபிள், அதாவது எந்த மியூசிக் கம்பெனி, ரிலீஸ் பண்ணுதுன்னு பார்த்துப் போறது நல்லதுன்னு நினைக்கறேன், பாட்டு விக்கற பேண்ட்கேம்ப் சைட்ல அது ஈஸி.

புதுசா ஆரம்பிக்கறவங்க நம்ம கடம் விக்கு விநாயக்ராம்லேர்ந்தே ஆரம்பிக்கலாம். அமெரிக்க டிரம்மர் மிக்கி ஹார்ட் 1991ல பண்ண 'ப்ளானட் டிரம்' ஆல்பத்துல விநாயக்ராம் இருக்காரு, கூடவே ஜாகிர் ஹுசைன், நைஜீரியாவோட சிகிரு அடெபோஜு, போர்ட்டோ ரிக்கோவோட ஜியோவானி ஹிடால்கோ, பிரேசிலோட ஐர்ட்டோ மொரேரா. யாரைப் புடிச்சாலும் ஒரு நாட்டுக்குள்ள போயிடலாம். நான் ஐர்ட்டோவைப் புடிச்சேன், அவர் 1972ல ஜாஸ் பியானிஸ்ட் சிக் கொரியாவோட 'ரிட்டர்ன் டு ஃபாரெவர்' ஆல்பத்துல டிரம்ஸ் வாசிச்சிருக்காரு, அடுத்து அதுல பேஸ் வாசிச்ச ஸ்டான்லி க்ளார்க் பக்கம் போவலாம்னு இருக்கேன்.