மதுரை சிம்மக்கல் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு: மரபுத்தொடர் பாடம் எப்படி?

'பிட்வீன் எ ராக் அண்ட் எ ஹார்ட் ப்ளேஸ்' என்றதும் 'இருதலைக்கொள்ளி எறும்பு' என்று சொல்லிக் கடந்துவிடாததுதான் இந்த மாலை வகுப்பின் பலம். 'காட்', 'ஸ்டக்' சேர்த்து முழு வாக்கியமாகவே பழக்குகிறார்கள். ஒரு 'எ'யை விழுங்குவது, 'அண்ட்' இடத்தில் 'ஆர்' போடுவது இரண்டும் நம்மவர்களின் வழக்கமான பிழைகள். 'பிட்வீன்' வந்தால் 'அண்ட்'தான் என்று உடனே திருத்துகிறார்கள். இரு வழியும் கெடுதலாக இருந்தால்தான் இது பொருந்தும். மாட்டுத்தாவணியில் எந்த பஸ் ஏறுவது என்ற குழப்பத்துக்கெல்லாம் போட்டால் சிரிப்பார்கள்.

கொடுக்கும் தாளில் 'ஹாப்சன்ஸ் சாய்ஸ்' இதே பொருளில் இருக்கிறது, தவறு. கேம்பிரிட்ஜில் குதிரை வாடகைக்கு விட்ட தாமஸ் ஹாப்சன் (இறப்பு 1631), வாசலை ஒட்டி நிற்கும் குதிரையைத்தான் தருவார். வேண்டாமென்றால் நடக்க வேண்டியதுதான். தேர்ந்தெடுக்க வழியே இல்லாத நிலை அது.

சின்ன பேட்ச்சாகப் பார்த்துச் சேருங்கள். கூட்டத்தில் வாய் திறக்க வாய்ப்பு வராது.