பைட்டுகளைப் படிக்கிறது என்று சொல்லி விற்கப்படும் லைப்ரரிகளைச் சோதிக்காமல் வாங்காதீர்கள்

பயனர்கள் படங்களையும் ஆவணங்களையும் பதிவேற்றும் செயலி ஒன்றுக்காக, ஒரு லைப்ரரியை (நம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்தொகுப்பு) காசு கொடுத்து வாங்கினேன். கோப்பின் பெயரை நம்பாது, உள்ளிருக்கும் பைட்டுகளை (கோப்பு முழுவதும் 0 முதல் 255 வரையிலான எண்களாகத்தான் இருக்கும், அந்த எண்களை) படித்தே வகையைச் சொல்லும் என்று விற்றவர்கள் எழுத்தில் உறுதி கூறியிருந்தார்கள். ஏழு மாதம் அதை நம்பியிருந்தேன்.

ஒரு நாள் வேறு எதையோ சோதிக்கும்போது, ஒரு எக்ஸ்இ கோப்பின் (விண்டோஸில் இயங்கும் நிரல்) பெயரை ஜேபெக் படம்போல மாற்றி அனுப்பினேன். 'ஜேபெக், ஏற்கலாம்' என்று பதில் வந்தது. எக்ஸ்இ கோப்பு 77, 90 என்று தொடங்கும். ஜேபெக் 255, 216, 255 என்று தொடங்கும். (இங்கே எல்லா எண்களும் தசமத்தில்.) முதல் பைட்டிலேயே பிடிபட வேண்டிய வேறுபாடு இது. மூல நிரலைப் பார்த்தேன். கோப்பைத் திறக்கும் வரியே அதில் இல்லை. பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டியெடுத்துப் பட்டியலில் தேடுகிறது, அவ்வளவுதான்.

புகார் செய்தபின் புதிய பதிப்பு வந்தது. அது பைட்டுகளைப் படிக்கத்தான் செய்கிறது, ஆனால் அரைகுறையாக. 80, 75 என்று தொடங்கினால் வேர்டு ஆவணம் என்கிறது. அது ஜிப்பின், அதாவது பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டும் வடிவத்தின், அடையாளம். வேர்டு மட்டுமல்ல, இப்போதைய எக்செல், இபப் (மின்னூல்), ஏபிகே (ஆண்ட்ராய்டு செயலி) எல்லாமே உள்ளுக்குள் ஜிப்தான். உள்ளே என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று பார்க்காமல் இவற்றைப் பிரிக்க முடியாது. 82, 73, 70, 70 என்றால் வெப்பி படமாம். வேவ் ஒலிக்கோப்பும் அப்படித்தான் தொடங்குகிறது! ஒன்பதாவது பைட்டிலிருந்து 87, 69, 66, 80 இருக்கிறதா என்றும் பார்த்தால்தான் வெப்பி என்று சொல்ல முடியும்.

எனக்கு மிகவும் கோபம் வந்தது பிஎன்ஜி விஷயத்தில். அதன் அடையாளம் எட்டு பைட்டுகள்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. ஒவ்வொன்றும் யோசித்து வைக்கப்பட்டது. 137 ஆஸ்கி (0 முதல் 127 வரையிலான அடிப்படை எழுத்துக் குறியீடு) எழுத்து அல்ல என்பதால் இதை உரைக்கோப்பு என்று எண்ண இடமில்லை. 13, 10 இணையும் கடைசி 10-உம், வழியில் யாராவது வரி முடிவுகளை மாற்றிக் கோப்பைக் கெடுத்திருந்தால் காட்டிக்கொடுக்கும். இந்த லைப்ரரி 80, 78, 71 (பி, என், ஜி) என்ற மூன்று எழுத்துகளை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியடைகிறது. அதனால் சிதைந்த படங்களும் நல்லவை என்று உள்ளே வந்திருக்கின்றன.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பதிப்பைப் புதுப்பித்துவிட்டதால் தர இயலாது என்றார்கள். அதற்குப் பிறகு எழுதிய இரண்டு மின்னஞ்சல்களுக்குப் பதில் இல்லை.

இப்படி எதையாவது வாங்கப்போகிறீர்கள் என்றால், பெயர் மாற்றிய எக்ஸ்இ, வேர்டு என்று பெயரிட்ட ஏபிகே, வெப்பி என்று பெயரிட்ட வேவ், வெற்றுக் கோப்பு ஆகிய நான்கையும் சோதனைப் பதிப்பிடம் கொடுத்துப் பாருங்கள். சோதனைப் பதிப்பே தர மறுத்தால் விலகிவிடுங்கள். ஏழு மாதமாக ஏற்றப்பட்ட எல்லாக் கோப்புகளையும் இப்போது உள்ளடக்கத்தைப் பார்த்து வகை சொல்லும் லினக்ஸின் 'ஃபைல்' கட்டளையால் மறுபடி சோதித்துக்கொண்டிருக்கிறேன், பாதிகூட முடியவில்லை.