ஆர்கானிக் மேப்ஸ்: கோடு தெரிகிறது, போகலாமா என்று தெரியாது

தனியாக ஒரு மலைக்குப் போக வேண்டும் என்று நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். போன அக்டோபரில் ஒருவழியாகப் போய்விட்டு வந்தேன். அதற்குப் பயன்படுத்திய ஆர்கானிக் மேப்ஸ் என்ற வரைபட ஆப் பற்றித்தான் இது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கிடைக்கிறது. காசு இல்லை, விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்கச் சொல்லி நச்சரிப்பதும் இல்லை. ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் ஊர் உலகத்துத் தன்னார்வலர்கள் வரைந்து வைத்திருக்கும் வரைபடத்தை எடுத்து, சிக்னல் இல்லாத இடத்திலும் பார்க்கிற மாதிரி போனுக்குள் இறக்கிக் கொடுக்கிறார்கள்.

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். தேனி மாவட்டத்து மலைப் பக்கம் விரலால் நகர்த்தியபோது காட்டுக்குள் ஒரு புள்ளிக்கோடு தெரிந்தது. பாதை இருக்கிறது, ஆப் இருக்கிறது, அப்புறம் என்ன, கிளம்ப வேண்டியதுதான் என்று லீவுக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கோடு யாரோ ஒருவர் வரைந்து வைத்த தடம், அவ்வளவுதான். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம் என்பதை எந்தக் கோடும் சொல்லாது. 2018 மார்ச் 11 அன்று இதே தேனிப் பக்கத்துக் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் 23 பேர் உயிர் போன பிறகு இங்கே விதிகள் இறுகிவிட்டன. 2024-இல் வனத்துறை ட்ரெக் தமிழ்நாடு என்று 40 பாதைகளைத் திறந்தது, ஆனால் அதிலும் வழிகாட்டியோடுதான் போக வேண்டும். புதிதாகப் போகிறவர்களுக்கு அதுதான் நல்லது என்பேன். எனக்கோ தனியாக நடந்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம். அதனால் இமாசலத்தில் தர்மசாலாவுக்கு மேலே இருக்கும் திரியுண்ட் என்று முடிவானது. கிட்டத்தட்ட 2,850 மீட்டர் உயரம், நன்றாகத் தேய்ந்த பாதை, ஆள் நடமாட்டமும் உண்டு. மழை, பனி எச்சரிக்கை வந்தால் அங்கேயும் மலையேறத் தடை போடுவார்கள், கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆப்பின் உண்மையான பலம் வீட்டில் உட்கார்ந்து திட்டம் போடும்போது தெரிகிறது. ஏற்றம் தொடங்கும் காலு கோயிலிலிருந்து திரியுண்ட் வரை நடைவழி போட்டால் எவ்வளவு ஏற்றம், எவ்வளவு இறக்கம் என்று கீழே ஒரு வரைகோடு வருகிறது. ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளையும் போட்டுப் பார்த்தேன், அவை நெருங்க நெருங்க ஏற்றம் செங்குத்து. முதல் பாதியில் கோடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன, கடைசியில் சீப்புப் பல் மாதிரி நெருங்கி வருகின்றன. அங்கேதான் எல்லாரும் சொல்லும் 22 வளைவுகள். கணக்கும் போட்டேன்: மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்பது நைஸ்மித் என்ற மலையேறி 1892-இல் சொன்ன விதி. சுமார் 6 கிலோமீட்டர், 700 மீட்டர் ஏற்றம், ஆக இரண்டரை மணி நேரம் கூட வராது. நைஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர், தினமும் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் மாதிரி தெரியவில்லை. எனக்கு நாலு மணி நேரம் ஆனது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவதை வாங்கிக்கொள்வது மட்டும்தான், அதற்கு டேட்டா தேவையில்லை. விமானப் பயன்முறையில் வைத்தும் நீலப் புள்ளி என்னோடு நடந்து வந்தது, தடமும் பதிவானது. காலையில் 100 இருந்த பேட்டரி இறங்கும்போது 61. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் போனை உள்சட்டைப் பையில் வைத்திருந்தேன். செயற்கைக்கோள் படம் இதில் கிடையாது, பாறையா புல்வெளியா என்று பார்க்க வேண்டுமானால் வேறு ஆப்தான். வழியில் தண்ணீர் உண்டா என்பதும் யாராவது குறித்து வைத்திருந்தால்தான் தெரியும். திரியுண்ட் வழியில் கடைகள் உண்டு. உயரம் ஏற ஏற பாட்டில் விலையும் ஏறும், இரண்டு லிட்டர் கையோடு கொண்டு போங்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் வழித்தடத்தை ஒரு கோப்பாக எடுத்து அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், பெருமையாக. ஐந்து நிமிஷத்தில் போன். "இந்த ஃபைலை வெச்சுக்கிட்டு நான் என்னடா பண்ண? எத்தனை மணி வரைக்கும் உன் போன் வரலைன்னா நான் யாருக்குப் போன் பண்ணணும், அதைச் சொல்லு." பத்து நாளாக மேப் பார்த்தவனுக்கு அது தோன்றவே இல்லை. எந்த வழியாக ஏறுகிறேன், அதே வழியாகத்தான் இறங்குகிறேன், சட்டை என்ன நிறம், தங்கும் விடுதியின் எண், 5 மணி தாண்டினால் முதலில் விடுதி, அப்புறம் அவசர உதவி எண் 112. எல்லாம் சேர்த்து ஆறு வரி எழுதி அனுப்பினேன். அக்டோபரில் அங்கே ஆறு மணி சுமாருக்கே இருட்டிவிடும் என்பதால்தான் ஐந்து.

ஆப்புக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். கீழே சிக்னல் வந்ததும் அக்காவைக் கூப்பிட்டேன், மணி 4:10. "இன்னும் அம்பது நிமிஷம் இருக்கே" என்றாள், அலாரத்தை அணைத்துக்கொண்டே.