கொம்பு நழுவிய கியோட்டோ: ஒரு போட்டோ புத்தகச் சேவையும் என் டைரியும்

முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன் நான். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுக் காகிதத்தைக்கூடப் பிழை தேடிக்கொண்டுதான் படிப்பேன். அதனால் இந்த விமர்சனத்தில் கொஞ்சம் கறார் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன நவம்பரில் நானும் மனைவியும் மகளும் ஜப்பானுக்குப் பதினோரு நாள் போய்வந்தோம். டோக்கியோ, கியோட்டோ, ஹிமேஜி, ஹிரோஷிமா, மியாஜிமா. இரண்டு போன், ஒரு சின்னக் கேமரா, எல்லாம் சேர்த்து 1,840 படம். தவிர என் டைரி.

திரும்பி வந்த மறுநாளே மகள் குடும்பக் குழுவில் இருநூறு படத்தை ஒரே மூச்சில் கொட்டினாள். கட்டைவிரல் ஏழு, கைகூப்பல் மூன்று, அத்தோடு சரி. அக்கா மட்டும் போன் பண்ணினாள். "எல்லாம் பொடிப் பொடியா வருதுடா. எது எந்த ஊருன்னே புரியல. நீ ஏதாவது எழுதி வச்சிருப்பியே, அதக் கொண்டா." அக்கா வரலாறு நடத்தின டீச்சர். அவளுக்கு ஊரும் தேதியும் இல்லாத படம் படமே இல்லை.

அப்படித்தான் இணையத்தில் ஆர்டர் எடுத்துப் புத்தகமாக அச்சடித்து அனுப்பும் சேவை ஒன்றைப் பிடித்தோம். பெயர் போடப்போவதில்லை, நான் சொல்லும் குறைகளில் பாதி இந்த வகைச் சேவை எதிலும் எதிர்ப்படக்கூடியவைதான். நாங்கள் எடுத்தது 8 அங்குலச் சதுரம், 60 பக்கம், கெட்டி அட்டை, 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் கனம்) மேட் தாள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தாள் அருமை. விரல் ரேகை படியவில்லை, விளக்கடியில் பளபளத்துக் கண்ணைக் கூசவில்லை. மியாஜிமா தீவில் கடலுக்குள் நிற்கும் கோயில் வாசலின் சிவப்பு, காவியும் ஆகாமல் ரத்தமும் ஆகாமல் நேரில் பார்த்த அதே சிவப்பாக வந்திருந்தது. ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் மை ஏறி இறங்கவில்லை. ஓரம் வெட்டியது நேர். இவ்வளவு சுத்தமாக வேலை செய்யும் ஆட்களோடு நான் வேலை பார்த்ததில்லை என்று சொன்னால் பழைய சகாக்கள் சண்டைக்கு வருவார்கள், ஆனாலும் உண்மை.

இனி கதைக்கு வருவோம்.

படங்களை ஏற்றிவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் தேதி, நேரப்படி தானே அடுக்கிக் கொடுக்கும் வசதி இருக்கிறது. அழுத்தினோம். ஹிரோஷிமா அருங்காட்சியகப் பக்கத்தின் நடுவில் மியாஜிமாவின் சூரிய அஸ்தமனம் வந்து உட்கார்ந்திருந்தது. சேவையின் மேல் தப்பில்லை. போன்கள் இறங்கிய உடனே ஜப்பான் நேரத்துக்கு மாறிக்கொண்டன. கேமரா மட்டும் வீட்டு நேரத்திலேயே, மூன்றரை மணி பின்தங்கி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மாலை 5.02க்கு எடுத்த அஸ்தமனம் கேமரா கணக்கில் மதியம் 1.32. அந்த நேரத்தில் நாங்கள் அருங்காட்சியகத்துக்குள் இருந்தோம். மகள் கேமராப் படங்களை மட்டும் தனியாகப் பிரித்து, ஏதோ ஒரு மென்பொருளில் மொத்தமாக மூன்றரை மணி நேரம் கூட்டினாள். ஐந்து நிமிட வேலை. ஆனால் இது தெரிவதற்கு முன்னால் நான் ஒரு ராத்திரி முழுக்கக் கையால் நகர்த்திக்கொண்டிருந்தேன். விமானம் ஏறும்போதே கேமராக் கடிகாரத்தை மாற்றிவிடுங்கள்.

அடுத்து மஞ்சள் முக்கோணம். சில படங்களின் மூலையில் அது எட்டிப் பார்த்தது. படம் பெரிதாக்கும் அளவுக்குத் தாங்காது என்று அர்த்தம். எல்லாம் மனைவி போனிலிருந்து மெசேஜ் செயலி வழியாக எனக்கு அனுப்பிய படங்கள். செயலி சுருக்கி அனுப்பியதில் நீளப்பக்கம் 1,600 பிக்சல்தான் மிச்சம். 8 அங்குலப் பக்கத்தில் போட்டால் அங்குலத்துக்கு 200 புள்ளி, சுமாராகத் தேறும். இரண்டு பக்கம் சேர்த்து 16 அங்குலத்துக்கு விரித்தால் 100 புள்ளி, கொசுவலை வழியாகப் பார்த்த மாதிரி இருக்கும். நாங்கள் அச்சகத்தில் 300 புள்ளிக்குக் குறைந்தால் படத்தைத் திருப்பி அனுப்புவோம். அதே படத்தை மனைவி போனிலிருந்து நேராக ஏற்றியபோது 4,032 பிக்சல் இருந்தது, முக்கோணம் போய்விட்டது. ஒருவர் படத்தை இன்னொருவர் வாங்கும்போது படமாக வாங்காமல் கோப்பாக வாங்க வேண்டும் என்பது இந்த வயதில் நான் கற்றுக்கொண்ட பாடம்.

இப்போது என் வயிற்றெரிச்சல்.

படத்துக்குக் கீழே குறிப்பு எழுதக் கட்டம் கொடுக்கிறார்கள். தமிழில் அடித்தேன். திரையில் அழகாகத்தான் தெரிந்தது. ஆர்டருக்கு முன் ஒரு பிடிஎஃப் காட்டுவார்கள், அதைத் திறந்தேன். 'கோயில்' என்று அடித்த இடத்தில் கொம்பு 'க'வை விட்டு நழுவி அந்தப் பக்கம் போய் நின்றது. கூடவே துணைக்கு ஒரு புள்ளி வட்டம். 'கியோட்டோ'வில் கொம்புகள் இரண்டுமே இடம் மாறி, ஊர் பெயரே அடையாளம் தெரியவில்லை. அறுபது பக்கத்திலும் இதே கூத்து.

காரணம் எளிது. கணினிக்குள் 'கோ' என்பது முதலில் 'க', பிறகு உயிர்க்குறி என்ற வரிசையில்தான் இருக்கும். கொம்பை எடுத்து எழுத்துக்கு முன்னால் வைப்பது காட்டும்போது மென்பொருள் செய்ய வேண்டிய வேலை. திரையில் அதை பிரவுசர் செய்துவிடுகிறது. இவர்களுடைய பிடிஎஃப் தயாரிக்கும் மென்பொருளுக்கு அது தெரியவில்லை. ஈய எழுத்துக் காலத்தில் கொம்பு தனி எழுத்து. எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் முதலில் கொம்பைப் பொறுக்கி, கையில் பிடித்திருக்கும் ஸ்டிக் என்ற சட்டத்தில் வைப்பார், அப்புறம் 'க', அப்புறம் கால். ஆறு மாதம் பழகிய பையன்கூட இதில் தப்பு விட மாட்டான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மோசமாக உடைந்து கிடந்த பக்கம் எது தெரியுமா? டோக்கியோவில் டோப்பன் நிறுவனம் 2000இல் திறந்த அச்சு அருங்காட்சியகத்தைப் பற்றிய பக்கம். அங்கே ஈய எழுத்தில் அச்சடிக்கும் பட்டறை ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஜப்பானிய எழுத்துத் தட்டுகள் சுவர் உயரத்துக்கு. எங்கள் அச்சகத்தில் நாலு தட்டில் அடங்கிய வேலைக்கு அவர்களுக்கு ஒரு சுவரே வேண்டியிருக்கிறது. நான் நகரவே இல்லை. மகள் கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தாள். அந்தப் பக்கத்தில்தான் 'அச்சுக்கோப்பு' என்ற சொல்லில் 'கோ' சிதைந்து நின்றது.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். படத்தோடு, அம்புக்குறி போட்டு. இரண்டு நாள் கழித்து, நான் தேர்ந்தெடுத்த எழுத்துரு சரியாக இல்லை, வேறு எழுத்துருவில் முயன்று பார்க்கவும் என்று பதில். ஏழு எழுத்துருவில் முயன்றேன். மறுபடி எழுதினேன். அதே பதில், கீழே பெயர் மட்டும் வேறு. அதற்கு மேல் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

முதலில் வேர்டில் தமிழில் அடித்து, அதைப் படமாகச் சேமித்து ஒட்டினேன். எழுத்து உடையவில்லை. ஆனால் பார்க்க அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரி இருந்தது. மகள்தான் சொன்னாள்: "ப்பா, எதுக்கு இவ்ளோ கஷ்டம்? டைரியவே ஸ்கேன் பண்ணிப் போட்டா என்ன?"

டைரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜப்பானில் பல ரயில் நிலையங்களில் ஒரு மூலையில் ரப்பர் ஸ்டாம்பும் மைப் பேடும் வைத்திருப்பார்கள். அந்த ஊரின் சித்திரம் செதுக்கியிருக்கும். யார் வேண்டுமானாலும் நோட்டில் குத்திக்கொள்ளலாம், காசு கிடையாது. ஸ்டாம்பைக் கண்டுபிடிக்காமல் நிலையத்தை விட்டு வெளியே வருவதில்லை என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அதனால் டைரியில் எழுத்துக்கு நடுவே சிவப்பும் ஊதாவுமாக ஸ்டாம்ப். சில கோணலாக, சில பாதி மையோடு.

ஸ்கேன் செய்ததில் ஒரு சிக்கல். தாள் மெலிசு, பின்பக்க ஸ்டாம்ப் முன்பக்கம் பேய் மாதிரி தெரிந்தது. இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று உண்டு: ஸ்கேன் செய்யும் தாளுக்குப் பின்னால் கறுப்புத் தாள் ஒன்றை வைத்து அழுத்துவது. நிழல் முக்கால்வாசி போய்விடும். 300 புள்ளியில் ஸ்கேன் செய்து, படம் மாதிரியே பக்கத்தில் வைத்தோம். இடப்பக்கம் டைரி, வலப்பக்கம் அந்த நாளின் படங்கள். விமானச் சீட்டின் துண்டையும் ஒட்டியிருந்தேன். அதில் இருக்கும் பார்கோடில் பயண விவரமெல்லாம் இருக்கும் என்று மகள் அதை மட்டும் வெள்ளையடித்து மறைத்தாள்.

இப்படித்தான் இருக்கும் ஒரு பக்கம்:

"ஹிமேஜி. காலை 9.40. கோட்டைக்குள் செருப்புக்கு இடமில்லை. கழற்றிப் பையில் போட்டுக் கையில் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். படிகள் ஏணி மாதிரி செங்குத்து. உச்சி மாடிக்குப் போனதும் அவளுக்கு மூச்சு வாங்கியது. எனக்கும்தான். சொல்லவில்லை."

புத்தகம் வந்த அன்று மனைவி முதலில் படித்தது இந்தப் பக்கத்தைத்தான். "அன்னிக்கே சொல்லியிருந்தா உக்காந்துட்டுப் போயிருக்கலாமில்ல?" என்றாள். படங்களை அப்புறம்தான் பார்த்தாள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அப்படியே. படத்தைப் புரட்டுகிறார்கள், டைரிப் பக்கம் வந்தால் நிற்கிறார்கள், கண்ணாடியைத் தேடுகிறார்கள். என் கோழிக்கிறுக்கல் கையெழுத்தை இத்தனை பேர் படித்ததே இல்லை.

புத்தகம் வந்த விதம்: சொன்னது ஏழு நாள், வந்தது பன்னிரண்டாம் நாள். அட்டை மூலை ஒன்று நசுங்கியிருந்தது. படம் எடுத்து அனுப்பியதும் கேள்வி கேட்காமல் வேறு பிரதி அச்சடித்து அனுப்பினார்கள். எழுத்து விஷயத்தில் காட்டாத சுறுசுறுப்பை இதில் காட்டினார்கள், நன்றி.

ராத்திரிப் படங்கள் எதிர்பார்த்ததைவிட இருட்டு. திரை தானே ஒளிவிடுவது, தாள் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பது. இந்த வித்தியாசம் தெரிந்த நானே கோட்டை விட்டேன். ஏற்றும் முன் கொஞ்சம் வெளுப்பாக்கியிருக்க வேண்டும்.

பெரிய வருத்தம் பைண்டிங். முதுகில் பசை போடும் சாதாரண பைண்டிங்கை எடுத்தேன். தட்டையாக விரியும் லே-ஃப்ளாட்டுக்குக் கூடுதல் காசு, கருமித்தனம். மியாஜிமா வாசலை இரண்டு பக்கம் முழுக்க விரித்துப் போட்டிருந்தோம். கடலுக்குள் 16 மீட்டருக்கும் மேல் உயரமாக நிற்கும் வாசல், இப்போது நிற்பது 1875இல் கட்டியது. தூண் ஒன்று சரியாக மடிப்புக்குள் போய்விட்டது. நடுவில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மடிப்பு விழுங்கும் என்று புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அக்கா புத்தகத்தை விரித்து, மடிப்பை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஏண்டா, இந்த வாசலுக்கு ஒரு கால்தானா?" என்றாள்.

வாங்கலாமா என்று கேட்டால்: படத்துக்கு மட்டும் என்றால் தாராளமாக. தமிழில் எழுத்து வேண்டுமென்றால் அவர்கள் கட்டத்தைத் தொடாதீர்கள். கையால் எழுதி ஸ்கேன் செய்யுங்கள். பிடிஎஃப்பைத் திறந்து ஒவ்வொரு பக்கமும் பார்க்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள். இணையத்தில் புரட்டிப் பார்க்கும் பிரதி ஒன்றின் இணைப்பும் தருகிறார்கள். அதை யாரும் திறந்ததாகத் தெரியவில்லை.

புத்தகத்தை அக்காவிடம் மூன்று வாரம் விட்டுவைத்தேன். திருப்பிக் கொடுக்கும்போது அவள் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து புரட்டினால் 41ஆம் பக்கத்தில் பென்சில் வட்டம். ஹிரோஷிமா அருங்காட்சியகத்தில், அணுகுண்டு விழுந்த 8.15க்கு நின்றுபோன கைக்கடிகாரத்தைப் பார்த்த அன்று ராத்திரி எழுதியது. '1945 ஆகஸ்ட் 9' என்று எழுதியிருக்கிறேன். வட்டத்துக்குப் பக்கத்தில் அக்காவின் குண்டுக் கையெழுத்தில்: "6. 9 நாகசாகி."

கொம்பு, புள்ளி வட்டம் என்று பிடிஎஃப்பை நான்கு முறை பார்த்தவன். ஸ்கேன் செய்த பக்கம் படம்தானே என்று ஒருமுறைகூடப் படிக்கவில்லை.

டைரியை எடுத்து, சிவப்பு மையில் 9ஐ அடித்து மேலே 6 போட்டேன். பழக்க தோஷம், ஓரத்தில் புரூஃப் குறியும் விழுந்துவிட்டது. அழிக்கவில்லை. பின்னால் கறுப்புத் தாள் வைத்து அந்தப் பக்கத்தை மறுபடி ஸ்கேன் செய்து ஏற்றி, அக்காவுக்குத் தனியாக ஒரு பிரதி ஆர்டர் கொடுத்தாயிற்று. இந்த முறை லே-ஃப்ளாட்.