சி மொழியில் அடுக்கைப் பிரித்தெடுக்கும் செயற்கூறுகள்: ஒரு மதிப்புரை

ஒரு டபுள் எண்ணிலிருந்து (64 பிட் மிதவைப் புள்ளி எண்) இரண்டின் அடுக்கை மட்டும் தனியே எடுக்க, சி மொழியின் கணித நூலகத்தில் முக்கியமாக மூன்று செயற்கூறுகள் உள்ளன. ஃப்ரெக்ஸ்ப் (frexp) 1989ஆம் ஆண்டுத் தர வரையறையிலேயே இருந்தது; லாக்பி (logb), ஐலாக்பி (ilogb) ஆகிய இரண்டும் 1999ஆம் ஆண்டு வரையறையில் சேர்ந்தன. அடுக்கு மட்டுமே தேவை என்றால் ஐலாக்பியைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

8.0 என்ற எண்ணைக் கொடுத்தால் ஃப்ரெக்ஸ்ப் அதை 0.5 என்றும் அடுக்கு 4 என்றும் பிரிக்கிறது, ஏனெனில் மான்டிஸா (அடுக்கு நீங்கிய பின் எஞ்சும் பின்னப் பகுதி) 0.5க்குக் குறையாமலும் 1ஐ எட்டாமலும் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஐலாக்பியோ 3 என்கிறது. நினைவகத்தில் அந்த எண்ணின் 11 பிட் அடுக்குப் புலத்தில் 1026 பதிந்திருக்கிறது. எதிர்ம அடுக்குகளையும் பதிய வசதியாக அதில் கூட்டப்பட்டிருக்கும் 1023ஐக் கழித்தால் கிடைப்பதும் 3தான். ஃப்ரெக்ஸ்ப் பிழையாகச் சொல்லவில்லை என்றாலும், இந்த ஒன்று கூடுதலை மறந்துவிட்டுக் கணக்குப் போடுவது எளிது. அடுக்கை வாங்க ஒரு பாயிண்டரையும் (நினைவக முகவரி) அனுப்ப வேண்டியிருக்கிறது. மான்டிஸாவும் சேர்ந்து தேவைப்படும் இடத்தில் ஃப்ரெக்ஸ்புக்கு நிகரில்லை.

லாக்பி அதே அடுக்கை மிதவைப் புள்ளி எண்ணாகவே தருகிறது. பூச்சியத்துக்கு எதிர்ம முடிவிலி என்ற நேர்மையான விடை கிடைக்கிறது. முழு எண்ணை மட்டுமே தரக்கூடிய ஐலாக்பிக்கு அந்த வசதி இல்லை. பூச்சியம் வந்தால் இன்ட் என்ற முழு எண் வகையின் கீழ் எல்லையையொட்டிய ஒரு மதிப்பையும், முடிவிலி வந்தால் அதன் மேல் எல்லையையும் திருப்புகிறது. அதைச் சோதிக்காமல் அணியின் சுட்டெண்ணாகப் போட்டால், நிரல் அணிக்கு வெளியே உள்ள நினைவகத்தைத் தொட்டுவிடும். இந்தச் செயற்கூறில் எனக்குள்ள பெரிய குறை இதுதான்.

வேகத்துக்காகப் பிட்டுகளை நேரடியாக நகர்த்தி எடுப்பவர்கள் உண்டு. நினைவகத்தை அப்படியே நகலெடுக்கும் மெம்சிபிஒய் (memcpy) கொண்டு 64 பிட் முழு எண்ணுக்கு நகலெடுத்துச் செய்தால் அது முறையானது. பாயிண்டரின் வகையை மாற்றிப் படிப்பது தர விதிகளை மீறுவதாகும், கம்பைலர் அதை எப்படியும் பொருள் கொள்ளலாம். ஆனால் மிகச் சிறிய எண்களில் பிட்டுகளை நகர்த்தும் வழி சறுக்கிவிடும். டபுளின் மிகச் சிறிய நேர்ம எண்ணுக்கு ஐலாக்பி −1074 என்று சரியாகச் சொல்லும்போது, அடுக்குப் புலத்தில் வெறும் பூச்சியமே இருப்பதால் பிட் கணக்கு −1023 என்கிறது.

இரண்டை அடிமானமாகக் கொண்ட மடக்கையை லாக்2 (log2) மூலம் எடுத்துக் கீழ்நோக்கி முழுமையாக்கும் வழியை நான் அறவே ஏற்கமாட்டேன். 8க்குச் சற்றே கீழுள்ள அடுத்த டபுள் எண்ணின் உண்மையான அடுக்கு 2; அதன் மடக்கை 3க்கு மிக நெருங்கியிருப்பதால் 3.0 என்றே முழுமையாகி, விடை தவறிவிடுகிறது.

லினக்ஸில் ஜிசிசி பயன்படுத்துவோர் கட்டளையின் இறுதியில், கணித நூலகத்தை இணைக்கும் -எல்எம் (-lm) சேர்க்க வேண்டும். மாறிலியைக் கொடுத்துச் சோதிக்கும்போது கம்பைலரே விடையைக் கணக்கிட்டுவிடுவதால், அது இல்லாமலும் நிரல் ஓடக்கூடும். மாறியைக் கொடுத்த பிறகே நூலகத்தை நிரலோடு இணைக்கும் லிங்கரின் பிழை தலைகாட்டும்.