வெப்ட்ரீஸ்: சில வருடப் பயன்பாடும் ஒரு நகராத அப்கிரேடும்

நான் திருநெல்வேலிக்காரன், இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில். மனைவி வீட்டார் டொங்காட் பக்கம், கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் ஐந்தாம் தலைமுறை. அவர்கள் குடும்ப வரலாற்றைச் சேர்த்து வைக்க வெப்ட்ரீஸ் மென்பொருளை 1.7 பதிப்புக் காலத்திலிருந்து பயன்படுத்தி வருகிறேன். ஜோஹன்னஸ்பர்கில் வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன சர்வரில், பக்கங்களை உருவாக்க பிஎச்பி, டேட்டாபேஸுக்கு மைஎஸ்கியூஎல் போட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. இலவசம், திறமூலம். 2010-இல் பிஎச்பிஜெட்வியூ என்ற பழைய மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை வெளியாட்களுக்கு அதுவாகவே மறைத்துவிடும். இங்கே போப்பியா என்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுசாக அமலில் இருப்பதால் இது சின்ன விஷயம் இல்லை. எப்போது வேண்டுமானாலும் மொத்தத்தையும் ஜெட்காம் கோப்பாக, அதாவது வம்சாவளி மென்பொருள்களுக்குப் பொதுவான வடிவத்தில், இறக்கிக்கொள்ளலாம்; வேறு மென்பொருளுக்குப் போக நினைத்தால் யாரும் கையைப் பிடித்து நிறுத்தப் போவதில்லை. நான் இதை விடாமல் இருப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

எனக்குப் பிடிக்காதது, பெயர் தேடல். ஒலியை வைத்துத் தேட ரசல் சவுண்டெக்ஸ், டெய்ச்-மொகோடாஃப் என்று இரண்டு முறை வைத்திருக்கிறார்கள். நம் பெயர்களுக்கு இரண்டும் ஒத்துவருவதில்லை. 1860 நவம்பர் 16-இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்ததில் தொடங்கி 1911 வரை இந்தியாவிலிருந்து ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். கப்பல் பட்டியலில் அவர்கள் பெயர் குமாஸ்தா காதில் விழுந்தபடி ஏறியிருக்கிறது. கவுண்டர் என்பது இங்கே கோவிந்தர் மாதிரி எழுத்துக்கூட்டலாகிப் பல வீடுகளுக்குக் குடும்பப் பெயராகவே நின்றுவிட்டது. ஒலி ஒத்த பெயர்களுக்கு ஒரே குறியீடு கொடுப்பதுதான் ரசல் முறை; அதில் ஒன்றுக்கு ஜி536, இன்னொன்றுக்கு ஜி153. அப்புறம் எப்படிச் சேர்ந்து வரும்? பிள்ளை மட்டும் எப்படி எழுதினாலும் பி400 என்று தப்பித்துவிடுகிறார். அதனால் கப்பல் பட்டியலுக்கென்று நானே தனியாக ஒரு டேபிள் வைத்துக்கொண்டேன்: காலனி எண் (வந்த ஒவ்வொருவருக்கும் கொடுத்த எண்), தகப்பன் பெயர், ஜில்லா, தாணா (ஜில்லாவின் உட்பிரிவு), ஊர். ஊர்களுக்கு அதனோடு ஒரு துணை டேபிள்; அதில் ஊர்ப் பெயரைத் தமிழிலும் எழுதி, ஒரே ஊர் இரண்டு முறை ஏறாதபடி யுனிக் கீ போட்டிருக்கிறேன். இந்த டேபிள் பின்னால் வரும்.

2023-இல் அப்கிரேட் நின்றுபோன விஷயத்துக்கு வருகிறேன். வெப்ட்ரீஸில் புதுப் பதிப்பின் கோப்புகளைப் பழையதன் மேல் வைத்துவிட்டு ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும். டேட்டாபேஸில் இருக்கும் ஸ்கீமா எண்ணை (டேபிள் அமைப்பின் பதிப்பு எண்) பார்த்து, விடுபட்ட மாற்றங்களை வரிசையாகச் செய்துகொள்ளும். வழக்கமாக ஒரு மிடறு டீ குடிப்பதற்குள் முடிந்துவிடும். அந்த முறை பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிடம் கழித்து 504 கேட்வே டைம்அவுட். திரும்பத் திறந்தாலும் அதேதான்.

இங்கே கவனிக்க வேண்டியது, 504 சொன்னது, முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ்; அது இயல்பாக 60 வினாடிதான் காத்திருக்கும். பின்னால் இருக்கிற பிஎச்பி இன்னும் விடவில்லை. லினக்ஸில் டேட்டாபேஸ் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் பிஎச்பியின் 30 வினாடிக் கணக்கில் சேராது. ஆகவே ஒவ்வொரு ரீலோடும் வரிசையில் இன்னொரு ஆளைக் கொண்டுபோய் நிறுத்துகிறது, அவ்வளவுதான்.

இந்த நிலையில் பலரும் மென்பொருளின் எரர் லாகைத்தான் புரட்டுவார்கள். அதில் ஒன்றும் இருக்காது, ஏனென்றால் எதுவும் தோற்கவில்லை; காத்திருக்கிறது. பார்க்க வேண்டிய இடம் மைஎஸ்கியூஎல். உள்ளே போய், இப்போது யார் என்ன செய்கிறார்கள் என்று காட்டும் ஷோ ஃபுல் ப்ராசஸ்லிஸ்ட் கொடுத்தேன். ஒரு ஆல்டர் டேபிள் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை), அதன் எதிரில் ‘வெயிட்டிங் ஃபார் டேபிள் மெட்டாடேட்டா லாக்’, அதாவது டேபிள் அமைப்பின் பூட்டுக்குக் காத்திருக்கிறது. அதன் கீழே டேபிளைப் படிக்கும் சாதாரண செலக்ட் வரிகள், எல்லாவற்றுக்கும் அதே நிலை. இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு வரி, ‘ஸ்லீப்’ என்று சாதுவாக.

அந்தச் சாதுதான் ஆள். டிரான்சாக்‌ஷன் (ஒரே கட்டாகச் செய்யும் டேட்டாபேஸ் வேலை) ஒன்றைத் தொடங்கி ஒரு டேபிளைப் படித்தால், டிரான்சாக்‌ஷன் முடியும்வரை அந்த டேபிளின் அமைப்பை வேறு யாரும் மாற்ற முடியாது. எழுதவே வேண்டாம், படித்தாலே போதும். ஆல்டர் அதற்காக நிற்கும். ஆல்டர் நிற்பதால் அதற்குப் பின்னால் வருகிற செலக்ட்களும் நிற்கும். மொத்தத் தளமும் படுத்துவிடும். எவ்வளவு நேரம் நிற்கும்? மைஎஸ்கியூஎல்லில் லாக்_வெயிட்_டைம்அவுட் இயல்பு அளவு 31536000 வினாடி. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு வருடம்! அதிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபி-யில் இது 86400, ஒரு நாள். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிற இன்னோடிபி_லாக்_வெயிட்_டைம்அவுட் 50 வினாடிதான், ஆனால் அது டேபிளுக்குள் இருக்கும் தனித்தனிப் பதிவுகளின் பூட்டுக்கு (ரோ லாக்) உரியது, இதற்கு உதவாது.

யார் அந்த இணைப்பு என்று, முடியாத வேலைகளைக் காட்டும் இன்னோடிபி_டிஆர்எக்ஸ் பட்டியலில் தொடங்கிய நேரத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. என் மனைவியின் தம்பி பீட்டர்மாரிட்ஸ்பர்கில் இருக்கிறான். கப்பல் பட்டியலை வெப்ட்ரீஸ் டேபிள்களோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது அவன் வேலை. எஸ்எஸ்எச் டன்னல் என்கிற பாதுகாப்பான இணைப்பு வழியாக ஒரு டெஸ்க்டாப் டூலில் வருவான், அந்த டூலில் ஆட்டோகமிட் (ஒவ்வொரு கட்டளையையும் உடனே முடித்துவைக்கும் வசதி) அணைந்திருந்தது. போன் போட்டேன்.

“அத்தான், நான் ஒண்ணுமே மாத்தலையே! சும்மா பாத்துக்கிட்டுதான் இருந்தேன், கரண்ட் போயிடுச்சு.”

அதேதான். அந்த வருடம் இங்கே சுழற்சி மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. அவன் ஏரியாவில் கரண்ட் போனதும் ரூட்டர் செத்தது, லேப்டாப் தூங்கியது. ஆனால் ஜோஹன்னஸ்பர்கில் இருக்கும் சர்வரிடம் யாரும் விடைபெறவில்லை. சும்மா இருக்கும் இணைப்பை மைஎஸ்கியூஎல் தானாகத் துண்டிக்க (வெயிட்_டைம்அவுட்) இயல்பில் 28800 வினாடி, அதாவது எட்டு மணி நேரம் ஆகும்.

சரி, இணைப்பைத் துண்டிக்கும் கில் கட்டளையைக் கொடுத்தால் முடிந்தது. ஆனால் வரிசை முக்கியம். தூங்குகிற இணைப்பை முதலில் கொன்றால், நம் ரீலோடுகளால் ஒன்றுக்கு மேற்பட்ட ஆல்டர்கள் காத்திருக்கும் பட்சத்தில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஓட ஆரம்பிக்கும். டேபிளில் ஒரே நெடுவரிசையை (காலம்) இரண்டு தடவை சேர்க்கப் போய் ‘டூப்ளிகேட் காலம் நேம்’ என்று புதுத் தலைவலி வரலாம். மைஎஸ்கியூஎல்லில் ஆல்டர் டேபிள் ரோல்பேக் ஆகாது, அதாவது பழையபடி திரும்பாது; நடந்தது நடந்ததுதான். இதைத் திருப்ப முடிகிற இன்னொரு டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ்காரர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள், சிரிக்க உரிமையும் உண்டு. அதனால் டேட்டா கோப்புறையில் ஆஃப்லைன்.டிஎக்ஸ்டி என்று ஒரு கோப்பை வைத்துப் புது ஆட்கள் வருவதை நிறுத்தினேன். காத்திருந்த ஆல்டர்களைக் கொன்றேன். அவை டேபிளைத் தொடவே இல்லை, ஆகையால் பயம் இல்லை. கடைசியாகத் தூங்கியதை. கோப்பை எடுத்துவிட்டுப் பக்கத்தைத் திறந்ததும், ஒவ்வொரு படி முடிந்ததும் ஸ்கீமா எண்ணை ஏற்றிவைக்கும் பழக்கம் வெப்ட்ரீஸுக்கு இருப்பதால், நின்ற படியிலிருந்தே தொடர்ந்து முடித்துவிட்டது.

அதன்பிறகு வெயிட்_டைம்அவுட்டை 600 வினாடியாகவும் லாக்_வெயிட்_டைம்அவுட்டை 60 ஆகவும் குறைத்துவிட்டேன். வெப்ட்ரீஸுக்கு இதனால் ஒரு பாதிப்பும் இல்லை, அது பக்கத்துக்குப் பக்கம் புதிதாக இணைகிறது. தம்பி மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்தால் மறுபடி இணைய வேண்டியிருக்கிறது என்று முணுமுணுக்கிறான்.

கப்பல் டேபிள் விஷயம் இன்னும் பாக்கி. அதுவும் ஊர் டேபிளும் பழைய ஜெனரல்_சிஐ கொலேஷனில் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) இருந்தன, வெப்ட்ரீஸ் டேபிள்கள் யூனிகோட்_சிஐ-யில். இரண்டையும் இணைத்துக் கேட்டால் ‘இல்லீகல் மிக்ஸ் ஆஃப் கொலேஷன்ஸ்’. மாற்றிவிடலாம் என்று கன்வர்ட் கொடுத்தால் ‘டூப்ளிகேட் என்ட்ரி’ என்று ஒரு ஊரைக் காட்டி நின்றது: லக்ஷ்மிபுரம். தேடினால் இரண்டு இருந்தன. ஒன்றில் க்ஷ ஒட்டி இருக்கிறது, மற்றதில் லக்‌ஷ்மிபுரம் என்று பிரிந்து நிற்கிறது. எழுத்துக் குறிகளை எண்ணும் சார்_லெங்த் கேட்டால் ஒன்று 12, இன்னொன்று 13. பிரித்துக் காட்டுவதற்காக உள்ளே ஒரு கண்ணுக்குத் தெரியாத இணையாக் குறி ஒளிந்திருந்தது. ஜெனரல்_சிஐ அதையும் ஓர் எழுத்தாக எண்ணும். யூனிகோட்_சிஐ அதைக் கண்டுகொள்ளாது, ஆகையால் இரண்டும் ஒன்று. யூனிகோட்_சிஐ சொல்வதுதான் சரி என்பது என் கட்சி. ரீப்ளேஸ் போட்டு அந்தக் குறியை எல்லா ஊர்ப் பெயர்களிலிருந்தும் நீக்க வேண்டியதுதான், ஆனால் அதற்கு முன் இரண்டு லக்ஷ்மிபுரத்துக்கும் கீழே இருந்த ஆட்களை ஒரே ஊருக்குக் கீழே கொண்டுவர வேண்டும். மீனாக்ஷிபுரத்துக்கும் அதே கதிதான். தம்பி உட்கார்ந்து சேர்த்துக்கொண்டிருக்கிறான், ஆட்டோகமிட்டைப் போட்டுவிட்டு.