ஷாக் அப்சார்பர் கிறீச்சிடுகிறதா? ஒரு குழாய் சிலிகான் கிரீஸும் ஐந்து மாத அனுபவமும்

பிறை நகரில் குடியிருந்துகொண்டு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய்வரும் எனக்குப் பினாங்குப் பாலம்தான் நாள்தோறும் வழி. பாலத்தின் தளத்துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் இடங்களில் சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் என் மோட்டார் சைக்கிளின் பின்புறத்திலிருந்து ‘கிறீச்’ என்று ஓர் ஒலி எழத் தொடங்கியது சென்ற ஆண்டு நவம்பரில். 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தில் அத்தகைய இணைப்புகள் எத்தனை இருக்கின்றன என்பதை அதற்கு முன் நான் கவனித்ததே இல்லை. அந்த மாதம் ஒவ்வொன்றையும் காதால் எண்ணிக்கொண்டே போய்வந்தேன். இரவு வேலை முடிந்து அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வண்டியை நிறுத்தும்போது அந்த ஒலி சுவர்களில் மோதி இரட்டிப்பாகக் கேட்கும்.

வண்டி பத்து வயதைத் தொட்ட ஒரு கப்சாய். ஹோண்டாவின் ‘கப்’ என்னும் பெயரோடு சிறியது என்று பொருள்படும் சீனச் சொல் சேர்ந்து பிறந்த இந்தப் பெயர், இப்போது எந்த நிறுவனத்தின் சிறிய வண்டியையும் குறிக்கிறது. ஆகவே என்னுடையது எந்த நிறுவனத்தினுடையது என்பது இங்கே முக்கியமில்லை. பின்புறம் இடமும் வலமுமாக இரண்டு ஷாக் அப்சார்பர் உள்ள எந்த வண்டிக்கும் கீழே சொல்வது பொருந்தும். ஒற்றை ஷாக் அப்சார்பர் நடுவில் இருக்கும் வண்டிகளைக் கழற்றும் வேலை வேறு வகையானது. அதை நான் செய்து பார்த்ததில்லை.

எங்கள் வட்டாரத்துப் பட்டறை ஒன்றில் முதலில் காட்டினேன். அங்கிருந்த இளைஞர் இருக்கையை இரண்டு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு, இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றிவிட வேண்டும், கூலியோடு 190 ரிங்கிட் ஆகும் என்றார். எண்ணெய் கசிகிறதா என்று அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவரை அதிகம் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஷாக் அப்சார்பரின் முனையில் போல்ட்டைச் சுற்றி உட்காரும் ரப்பர் வளையமான புஷ்ஷைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்கு ஒரு மணி நேரம் செலவிட்டுப் பத்துப் பதினைந்து ரிங்கிட் வாங்குவதைவிட, புதிய ஜோடியை மாட்டி அனுப்புவதுதான் பட்டறைக்குக் கட்டுப்படியாகும். எனக்கு அது கட்டுப்படியாகாது என்பதால் வீட்டிலேயே பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

கிரீஸைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒலி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்த விதத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் தவறான இடத்தில் பூசிய எந்தக் கிரீஸும் வேலை செய்யாது. இருக்கையின் பின்பகுதியை உடல் எடையோடு அமுக்கிச் சட்டென்று விட்டபோது, வண்டி ஒரு முறை எழுந்து அப்படியே அமைந்தது. ஊஞ்சலைப் போல மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்திருந்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் வேலை செய்யவில்லை என்று பொருள். அந்த நிலையில் பட்டறை இளைஞர் சொன்னதே சரியாகியிருக்கும். அடுத்ததாக, ஸ்பிரிங்குக்கு நடுவே தெரியும் பளபளப்பான தண்டை மெல்லிய தாளால் துடைத்துப் பார்த்தேன். தாளில் புழுதி ஒட்டியதே தவிர எண்ணெய் இல்லை. ஆக ஷாக் அப்சார்பர் உயிரோடுதான் இருந்தது. ஒலி மட்டும்தான் கோளாறு.

ஒலியைக் காதால் தேடுவது ஏமாற்றும் வேலை. இரும்புச் சட்டம் ஒலியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடத்திவிடுவதால், கீழே பிறக்கும் சத்தம் இருக்கையின் கீலிலிருந்து வருவதைப் போலவே தோன்றும். இருக்கையைக் கழற்றிப் பார்த்தேன். மட்கார்டின் திருகுகளை இறுக்கினேன். செயின் மூடியைத் தட்டிப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையை இப்படியே தொலைத்த பிறகுதான் சோப்புத் தண்ணீர் முறை நினைவுக்கு வந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கும் ஊசியில்லாத சிரிஞ்சில் சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுத் தம்பியை இருக்கையை அமுக்கிக்கொண்டே இருக்கச் சொல்லி, ஷாக் அப்சார்பர்களின் மேலும் கீழுமாக உள்ள நான்கு கண்களிலும், அதாவது போல்ட் நுழையும் வளையங்களிலும், ஒவ்வொன்றாகச் சொட்டுவிட்டேன். மேலிரண்டில் விட்டபோது எந்த மாற்றமும் இல்லை. கீழே இடப்பக்கத்தில் விட்டதும் ஒலி பாதியாகக் குறைந்தது. கீழே வலப்பக்கத்திலும் விட்டபோது தம்பி அமுக்குவதை நிறுத்திவிட்டு, “அண்ணே, சத்தம் நின்னுருச்சு” என்றார்.

சக்கரம் வாரியடிக்கும் சேற்றுக்கும் மழைத் தண்ணீருக்கும் மிக அருகில் இருப்பவை கீழ்ப் புஷ்கள்தாம் என்பதால் இது வியப்பில்லை. காய்ந்துபோன ரப்பர் இரும்பின் மேல் வழுக்கிச் செல்லாமல் ஒட்டிப் பிடித்து, பிறகு விடுபட்டு, மறுபடியும் ஒட்டிப் பிடிக்கிறது. நொடிக்குப் பலமுறை நிகழும் இந்தப் பற்றலும் விடுதலுமே கிறீச்சொலி. வயலினில் வில் தந்தியைப் பற்றி விடுவதும் இதே முறையில்தான், என் வண்டியில் பிறந்தது நாதமில்லை என்பதைத் தவிர.

முதலில் நான் வாங்கியது சிலிகான் ஸ்பிரே. எதையும் கழற்ற வேண்டியதில்லை, மெல்லிய குழலைப் பொருத்தி அடித்தால் போதும் என்பது அதன் கவர்ச்சி. அடித்த அன்று மாலை பாலத்தில் ஒரு முனகலும் இல்லை. நான்காம் நாள் வேலைக்குப் போகும் வழியில் கொட்டிய மழையோடு அந்த அமைதியும் கரைந்துபோனது. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் ஆவியான பிறகு மிஞ்சும் சிலிகான் ஒரு மெல்லிய படலம் மட்டுமே. அதுவும் போல்ட்டால் இறுக்கிய ரப்பரின் விளிம்பில் படிகிறதே தவிர, உராயும் பரப்புக்குள் நுழைவதில்லை. ஒலி எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்துகொள்ள ஸ்பிரே நல்ல கருவி. தீர்வாக அதை நம்பி ஒரு டின் வாங்குவது வீண்.

சிலர் இந்த இடத்தில் வீட்டில் இருக்கும் துரு நீக்கும் எண்ணெயை அடிப்பார்கள், அல்லது சக்கர பேரிங்குக்குப் போடும் லித்தியம் கிரீஸை அப்புவார்கள். என் பழைய வண்டியில் இரண்டாவதை நானே செய்திருக்கிறேன். இவற்றில் பொதுவாக இருக்கும் பெட்ரோலிய எண்ணெய் இயற்கை ரப்பரை ஊற வைத்து உப்பச் செய்யும். சில மாதங்களுக்குப் பிறகு கழற்றியபோது அந்தப் புஷ், தேநீரில் முக்கிய பிஸ்கட்டைப் போல விரலோடு பிய்ந்து வந்தது. சிலிகான் எண்ணெயும் அதைக் கெட்டியாக்கும் நுண்ணிய சிலிக்காத் தூளும் சேர்ந்த சிலிகான் கிரீஸ் இயற்கை ரப்பரை ஒன்றும் செய்யாது. தண்ணீரில் எளிதில் கழுவிப்போகாது. நம் ஊர் வெயிலில் உருகி ஓடாது. இந்தக் குணங்களுக்காகத்தான் 50 கிராம் குழாய் ஒன்றை 17 ரிங்கிட் 90 சென் கொடுத்து, வீட்டுக்குத் தண்ணீர் வடிகட்டி பொருத்தும் கடை ஒன்றில் வாங்கினேன். வடிகட்டியின் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளுக்குப் பூசுவதற்காக அவர்கள் விற்கும் கிரீஸ் அது. பால்வண்ணத்தில், பாதி ஒளி ஊடுருவும்படியாக, வாசனையே இல்லாமல் இருக்கிறது. விரல்களுக்கிடையே தேய்த்தால் வழவழப்பு வெகுநேரம் போகாது. கையைக் கழுவுவது ஒரு தனி வேலை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். வண்டியை டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு பக்கத்தை மட்டும் கழற்றினேன்; மறுபக்கத்து ஷாக் அப்சார்பர் பின்சக்கரத்தை அதன் இடத்திலேயே தாங்கிக்கொண்டிருக்கும் என்பதால், ஒரே நேரத்தில் இரண்டையும் கழற்றக் கூடாது. என் வண்டியின் நட்டுகளுக்கு 14 எண் ஸ்பானர் ஒத்துவந்தது. வலப்பக்கத்தில் சைலன்சர் குறுக்கே நிற்பதால் கை நுழைய இடம் குறைவு. அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டது பிறகு உதவியது.

இடப்பக்கத்து ஷாக் அப்சார்பரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது ஆறு வார எரிச்சலுக்கும் காரணம் கண்ணெதிரே இருந்தது. கீழ்க் கண்ணுக்குள் இருந்த ரப்பரின் உட்பரப்பு, உராய்ந்து உராய்ந்து மெருகேறி, கறுப்புக் கண்ணாடியைப் போல மின்னியது. நகத்தால் விளிம்பை வளைத்ததும் முடியளவில் மூன்று வெடிப்புகள் வாய் திறந்தன. அது உட்கார்ந்திருந்த இரும்பின் மேல் செம்பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் படிந்திருந்தது. கடற்காற்றும் மழையும் சேர்ந்து பூசிய துரு அது. வலப்பக்கத்துப் புஷ்ஷும் மெருகேறியிருந்தது, ஆனால் வெடிப்பு இல்லை.

துருவை 400 எண் மணல்தாளால் மெதுவாகத் தேய்த்து எடுத்தேன். ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துணியால் ஒற்றி உலர விட்டேன். வெடித்த இடப்பக்கத்துக்கு மட்டும் பட்டர்வொர்த் உதிரிபாகக் கடை ஒன்றில் நான்கு ரிங்கிட்டுக்குப் புதிய புஷ் கிடைத்தது. ஷாக் அப்சார்பரை முழுதாக வாங்கினால்தான் புஷ் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அடுத்த கடைக்குப் போய்க் கேளுங்கள். பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் இல்லாத வீட்டில் புதிய புஷ்ஷை ஏற்றுவதற்கு நீளமான போல்ட் ஒன்று, பெரிய வாஷர் இரண்டு, நட்டு ஒன்று போதும். இருபுறமும் வாஷரை வைத்து நட்டைத் திருகத் திருகப் புஷ் தானாகவே உள்ளே ஏறும். பிறகு பச்சைப்பயறு அளவுக்குக் கிரீஸை எடுத்து, உராயும் உட்பரப்பு முழுவதும் மினுமினுப்புத் தெரியும் அளவுக்கு மட்டும் தடவினேன். அதற்கு மேல் அப்பினால் புழுதியைக் கூட்டிச் சேர்ப்பதுதான் நடக்கும். நட்டுகளைக் கையால் முறுக்கி, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, தம்பியை ஏறி உட்காரச் சொன்ன பிறகே கடைசி இறுக்கத்தைக் கொடுத்தேன். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், ஆள் ஏறியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும்.

இந்தக் கிரீஸுக்கு ஒவ்வாத இடங்களும் உண்டு. இரும்போடு இரும்பு பாரத்தோடு உராயும் இடத்தில் சிலிகான் நன்றாக வழுக்காது. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ஆடும் போல்ட்டுக்கு லித்தியம் கிரீஸே வேண்டும். மேலே திட்டிய அதே கிரீஸுக்கு அங்கேதான் வேலை. சிலிகானாலேயே செய்த ரப்பரில் பூசினால் அது உப்பிவிடும். பிரேக் டிரம்மிலோ டயரிலோ ஒரு துளியும் படக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் சொல்லிவைக்கிறேன். வண்டிக்குச் சாயம் அடிக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். சிலிகான் பட்ட இடத்தில் சாயம் சமமாகப் பரவாமல் குழி குழியாக விலகும்.

நான் வாங்கிய குழாயைப் பற்றி ஒரு குறை. அதன் மூடி இரண்டாவது வாரத்திலேயே விரிசல் விட்டது. கருவிப் பெட்டிக்குள் கசிந்து, ஸ்பானர்களெல்லாம் கைக்கு நிற்காமல் நழுவின. இப்போது அதைச் சிறிய கண்ணாடிப் புட்டியில் மாற்றி வைத்திருக்கிறேன். இணையக் கடைகளில் இதில் பாதி விலைக்குக் குழாய்கள் கிடைக்கின்றன. அவற்றில் முழுவதும் சிலிகான்தானா, வேறு எண்ணெய் கலந்ததா என்று உறையில் தெளிவாக எழுதாதவற்றை நான் வாங்கமாட்டேன். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து மூன்று கிராம்கூடச் செலவாகாத பொருளில் ஒன்பது ரிங்கிட்டை மிச்சப்படுத்திப் புஷ்ஷைக் கெடுத்துக்கொள்வானேன்?

இப்போது ஜூன் முடியப்போகிறது. ஏப்ரல், மே மாத மழையிலும் பாலத்தின் இணைப்புகளைச் சத்தமில்லாமல் கடந்தேன். புதிய புஷ்ஷும் கிரீஸும் சேர்ந்த இடப்பக்கம் இன்றுவரை வாய் திறக்கவில்லை. பழைய புஷ்ஷில் கிரீஸ் மட்டும் பூசிய வலப்பக்கம், சென்ற வாரம் என் மனைவி பின்னால் ஏறியபோது லேசாக முனகியது. தனியாக ஓட்டும்போது இன்னும் கேட்கவில்லை. சோப்புத் தண்ணீர் சொட்டுவிட்டு உறுதி செய்துகொண்டேன். பட்டர்வொர்த் கடையில் இன்னொரு புஷ் வாங்கி வைத்திருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை மழை இல்லையென்றால் வலப்பக்கத்தையும் கழற்றுவேன், சைலன்சரோடு மல்லுக்கட்டியபடி.